24 ஜிபி என்றால் 24 ஜிபியா? இரட்டை ஜிபியூ கார்டின் ஸ்பெக்ஸை வாசிப்பது எப்படி

ஒரு கிராபிக்ஸ் கார்டின் விவரப் பட்டியலில் "மெமரி: 24 ஜிபி" என்று இருக்கிறது. நீங்கள் ஏற்ற நினைக்கும் ஏஐ மாடலின் அளவு 14 ஜிபி. இடம் தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஏற்றத் தொடங்கினால் பாதியிலேயே "மெமரி போதவில்லை" என்று நின்றுவிடுகிறது. கார்டு பழுது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. டிரைவரை அழித்து மறுபடி நிறுவி ஒரு நாளைத் தொலைப்பவர்களும் உண்டு.

கார்டில் பழுது எதுவும் இல்லை, பட்டியலில் இருப்பதும் பொய்யில்லை. அந்த 24 என்பது 12-ம் 12-ம் சேர்ந்த கூட்டுத்தொகை. ஒரே கார்டில் இரண்டு ஜிபியூ உள்ள தொழில்முறைக் கார்டுகளின் பட்டியலில் பெரும்பாலான எண்கள் இப்படிக் கூட்டிப் போடப்பட்டவைதான். சில எண்களைக் கூட்டலாம், சிலவற்றைக் கூட்டினால் பொருளே மாறிவிடும். எதைக் கூட்டலாம், எதைக் கூட்டக் கூடாது என்பதைப் பட்டியல் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. கணினிப் பின்னணி எதுவும் தேவையில்லை.

எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் ஒரே கார்டை வைத்துக்கொள்கிறேன்: 2014 நவம்பரில் வெளிவந்த என்விடியா டெஸ்லா கே80. பழைய கார்டுதான். ஆனால் இந்த விஷயத்தைப் படிக்க இதைவிடத் தெளிவான மாதிரி கிடைக்காது.

எது இரண்டு?

முதலில் ஒரு சொல். ஜிபியூ என்பது கணக்குப் போடும் சிப். கிராபிக்ஸ் கார்டு என்பது அந்தச் சிப்பையும் அதற்கான மெமரி, மின்சார இணைப்பு, குளிர்விக்கும் அமைப்பு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பலகை. பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். சாதாரணக் கார்டில் ஒரு பலகைக்கு ஒரு சிப் என்பதால் அதில் குழப்பம் வருவதில்லை. இரட்டை ஜிபியூ கார்டில் ஒரு பலகையில் இரண்டு சிப்கள் இருக்கின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

இதை டூயல் கோர் என்று நினைத்துவிட வேண்டாம். கோர் என்பது ஒரு சிப்புக்குள்ளேயே இருக்கும் கணக்குப் போடும் அலகு. கே80-இன் ஒவ்வொரு சிப்பிலும் 2,496 கோர்கள் உண்டு. சில கார்டுகளின் பெயரிலேயே "டூயல்" என்று வரும். அது இரண்டு விசிறிகளைக் குறிக்கிறது, சிப் ஒன்றுதான். வாங்குவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீடு, இரண்டு அறைகள்

ஒரு வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மேசை, மேசைக்கு முன் வேலை செய்யும் ஒருவர். நடுவே சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு.

வேலை செய்பவர்தான் ஜிபியூ. மேசையின் பரப்பு அந்த ஜிபியூவின் சொந்த மெமரி, அதாவது வி-ரேம். நடுவில் உள்ள கதவு இரண்டு சிப்களுக்கும் இடையே தகவல் போகும் பாதை.

இந்த வீட்டில் மொத்த மேசைப் பரப்பு எவ்வளவு என்று கேட்டால், இரண்டையும் கூட்டிச் சொல்வது சரியான பதில்தான். ஆனால் ஒன்றரை மேசை அகலமுள்ள ஒரு வரைபடத்தை விரிக்க வேண்டும் என்றால்? எந்த மேசையிலும் அது விரியாது. சுவர் குறுக்கே நிற்கிறது. வரைபடத்தை இரண்டாக வெட்டினால் ஆளுக்குப் பாதியாக விரிக்கலாம், ஆனால் ஒருவர் மற்றவர் பாதியில் எதையாவது பார்க்க நினைத்தால் ஒவ்வொரு முறையும் கதவு வழியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருவருக்கும் ஒரே அகராதி தேவை என்றால் இரண்டு பிரதிகள் வேண்டும், இரண்டு மேசையிலும் அது இடம் பிடிக்கும். மொத்தப் பரப்பு இரண்டு மேசை என்றாலும், அந்த அகராதியைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரு மேசைதான்.

கம்ப்யூட்டர் எதைப் பார்க்கிறது?

கே80 பொருத்தப்பட்ட கணினியில் "என்விடியா-எஸ்எம்ஐ" என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கணினியில் உள்ள ஜிபியூக்களைப் பட்டியலிடும் சிறு கருவி அது. மாட்டியிருப்பது ஒரு கார்டு, ஆனால் திரையில் "டெஸ்லா கே80" என்ற பெயர் இரண்டு தடவை வரும், 0 என்றும் 1 என்றும் எண்ணிட்டு. இயங்குதளத்தைப் பொறுத்தவரை இவை இரண்டு தனித்தனி ஜிபியூக்கள். ஒரே பலகையில் இருக்கின்றன என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒவ்வொன்றின் எதிரிலும் மெமரி 12 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். 12 ஜிபி என்றால் 12,288 மெகாபைட் இருக்க வேண்டும், திரையில் இருப்பதோ 11,400 சொச்சம். மிச்சம் எங்கே போனது? ஈசிசிக்குப் போயிருக்கிறது. மெமரியில் எப்போதாவது ஒரு 0 தானாகவே 1 ஆகிவிடும், அல்லது 1 என்பது 0 ஆகிவிடும். அப்படி நேரும்போது கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாட்டுக்குத்தான் ஈசிசி என்று பெயர். இதற்கான சரிபார்ப்புக் குறிப்புகளை இந்தக் கார்டு தன் மெமரிக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. அதற்காகப் பதினாறில் ஒரு பங்கு இடம் போய்விடும். பல நாட்கள் ஓடும் ஒரு கணக்கில் ஒரே ஓர் இலக்கம் பிசகினாலும் முடிவு முழுக்கக் கெட்டுவிடலாம். அதனால் தொழில்முறைக் கார்டில் இது வீண் செலவு ஆகாது.

ஆக, பெட்டியில் 24 என்று இருந்தாலும், ஒரு மென்பொருள் ஒரு ஜிபியூவிடம் கேட்டுப் பெறக்கூடியது ஏறக்குறைய 11 ஜிபி. வாடகைக்குக் கணினி தரும் கிளவுட் நிறுவனங்கள் இதில் நேர்மையாகவே கணக்குச் சொல்லின. 2016-இல் அமேசான் கே80 கார்டுகளை வைத்துத் தொடங்கிய பி2 சேவையின் மிகப்பெரிய அமைப்பில் "16 ஜிபியூ" என்று போட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவை 8 கார்டுகள். மிகச்சிறிய அமைப்பில் கிடைத்தது 1 ஜிபியூ, 12 ஜிபி. அதாவது அரைக் கார்டு.

இதுவரை பார்த்தது: இரட்டை ஜிபியூ கார்டு என்பது ஒரே பலகையில் இருக்கும் இரண்டு தனி ஜிபியூக்கள். மெமரியை இரண்டால் வகுத்தால் வரும் எண்தான் ஒரு ஜிபியூவுக்குச் சொந்தமானது.

கதவின் அகலம்

சரி, சுவரில்தான் கதவு இருக்கிறதே, அதன் வழியாகப் பக்கத்து மேசையைப் பயன்படுத்தக் கூடாதா? பயன்படுத்தலாம். எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி.

மெமரி பேண்ட்விட்த் என்பது மெமரியிலிருந்து சிப்புக்கு ஒரு நொடியில் எவ்வளவு தகவல் போக முடியும் என்பதன் அளவு. இதை நாமே கணக்கிடலாம். கே80-இல் ஒவ்வொரு சிப்புக்கும் மெமரிக்கும் இடையே 384 கம்பிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் "384 பிட்" என்று இருப்பது அதுதான். ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 500 கோடி பிட்கள் ஓடுகின்றன. பெருக்கி, 8 பிட்டுக்கு ஒரு பைட் என்று வகுத்தால் நொடிக்கு 240 ஜிபி வரும். பட்டியலில் 480 என்று இருக்கும். அதுவும் இரண்டையும் கூட்டியதுதான்.

இனி நடுவிலுள்ள கதவைப் பார்ப்போம். கே80-இன் இரண்டு சிப்களும் பலகையிலேயே உள்ள ஒரு சிறிய சுவிட்ச் சிப் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையைச் சேர்ந்தது, கார்டை மதர்போர்டில் செருகும் இடத்தில் இருக்கும் அதே வகை. அதன் மூன்றாம் தலைமுறையில் ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி போகும்.

240-ஐயும் 16-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். தன் மேசையில் இருக்கும் 12 ஜிபியையும் ஒரு சிப் முழுக்க வாசித்து முடிக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். அதே 12 ஜிபியைக் கதவு வழியாக வாங்க முக்கால் நொடி ஆகும். பதினைந்து மடங்கு தாமதம். இந்தப் பதினைந்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற எல்லாமே இதிலிருந்து விளங்கிவிடும்.

டெராஃப்ளாப்ஸ்: எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனைகள்

பட்டியலில் கண்ணைக் கவரும் எண் இது. ஒரு நொடியில் எத்தனை கணக்குகளைப் போட முடியும் என்பதன் அளவு. ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்.

கே80-க்கு 8.7 டெராஃப்ளாப்ஸ் என்று போட்டிருப்பார்கள். வேறு ஓர் இடத்தில் அதே கார்டுக்கு 5.6 என்று பார்ப்பீர்கள். இரண்டும் சரிதான். எப்படி?

இரண்டு சிப்பிலும் சேர்த்து 4,992 கோர்கள். ஒரு கோர் தன் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும். அதை 2 கணக்கு என்று எண்ணுவது வழக்கம். கோர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதுதான் கிளாக் வேகம். கே80-இன் அடிப்படை வேகம் 560 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 கோடி துடிப்புகள். 4,992 × 2 × 56 கோடி என்று பெருக்கினால் 5.6 டெராஃப்ளாப்ஸ். வெப்பமும் மின்சாரமும் இடம்கொடுத்தால் 875 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதை வைத்துப் பெருக்கினால் 8.7.

இந்த எண்ணுக்குள் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன: இரண்டு சிப்களும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்க வேண்டும், எல்லாக் கோர்களும் ஒவ்வொரு துடிப்பிலும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும், உச்ச வேகம் குறையக் கூடாது. உங்கள் மென்பொருள் ஒரு ஜிபியூவை மட்டுமே பயன்படுத்தத் தெரிந்ததாக இருந்தால் முதல் நிபந்தனையிலேயே பாதி போய்விட்டது.

இரண்டு சிப், ஒரே மின்சாரம்

இரட்டைக் கார்டு வாங்கினால் முழு வலிமையுள்ள இரண்டு கார்டுகள் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. மின்சாரம் அதற்கு இடம் தருவதில்லை.

கே80-க்கு முன்பு அதே குடும்பத்தில் வந்த ஒற்றைச் சிப் கார்டு டெஸ்லா கே40. அதன் மின் தேவை 235 வாட். அப்படி இரண்டைச் சேர்த்தால் 470 வாட் ஆகும். ஒரே பலகையிலிருந்து அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றுவது லேசான காரியமில்லை. கே80-க்கு வைத்த வரம்பு 300 வாட். ஆக, ஒரு சிப்பின் பங்கு ஏறக்குறைய 150.

அந்த வரம்புக்குள் அடக்க என்ன செய்தார்கள்? கே40-இல் 2,880 கோர்கள் இயங்கின, கே80-இன் ஒரு சிப்பில் 2,496. கே40-இன் அடிப்படை வேகம் 745 மெகாஹெர்ட்ஸ், கே80-க்கு 560. மெமரி பேண்ட்விட்த்தும் 288-லிருந்து 240-ஆக இறங்கியது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விளக்கு, அதையும் கொஞ்சம் மங்கலாக வைத்தது மாதிரி. ஒரே ஒரு ஜிபியூவைப் பயன்படுத்தும் வேலைக்குப் பழைய கே40 முந்திப்போவது இதனால்தான்.

சுருக்கமாக: பேண்ட்விட்த்தும் டெராஃப்ளாப்ஸும் கூட்டிப் போடப்பட்டவை. வாட் மட்டும் உண்மையிலேயே மொத்தக் கார்டுக்கும் உரியது, அதை இரு சிப்களும் பங்கிட்டுக்கொள்கின்றன.

எந்த வேலையில் இரண்டும் கை கொடுக்கும்?

இதைப் படித்துவிட்டு இரட்டைக் கார்டே வீண் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வேலையைப் பொறுத்து அது அருமையான கருவி. ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: இருவரும் கதவு வழியாக எத்தனை முறை பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது?

ரெண்டரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பரிமாணக் காட்சியிலிருந்து படத்தை உருவாக்கும் வேலை அது. படத்தின் இடது பாதியை வரைபவருக்கு வலது பாதியில் வந்த நிறங்கள் தேவையில்லை. பேசிக்கொள்ளாமலே இருவரும் வேலை பார்க்கலாம், நேரம் ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் முழுக் காட்சியின் பிரதி இரண்டு மேசையிலும் வேண்டும். இடது பக்கம் உள்ள கண்ணாடியில் வலது பக்கத்து மரம் தெரியலாம் அல்லவா? அதனால் 10 ஜிபி காட்சி கே80-இல் நன்றாக ஓடும், 15 ஜிபி காட்சி அப்படியே உள்ளே போகாது. அந்த அகராதிக் கதைதான்.

இரண்டு பேருக்கு ஆளுக்கொரு ஜிபியூ கொடுப்பது இன்னும் எளிது. ஒரு சர்வரில் பலருடைய மெய்நிகர் கணினிகளை ஓட்டும் இடங்களுக்காகவே இப்படிக் கார்டுகள் வந்தன. 2015-இல் வந்த டெஸ்லா எம்60 அந்த வகை, இரண்டு ஜிபியூ, ஒவ்வொன்றுக்கும் 8 ஜிபி. இங்கே கதவே தேவைப்படுவதில்லை.

வானிலை, திரவ ஓட்டம் மாதிரிக் கணக்குகளில் நிலைமை வேறு. பரப்பை இரண்டாகப் பிரித்தாலும், எல்லைக்கோட்டில் இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கத்தைப் பாதிக்கும். ஒவ்வொரு படியிலும் எல்லை மதிப்புகளைப் பரிமாறிக்கொண்டே ஆக வேண்டும். எல்லை சிறியதாகவும் உள்பரப்பு பெரியதாகவும் இருந்தால் நல்ல பலன் உண்டு, இல்லாவிட்டால் கதவருகே நெரிசல்தான்.

அப்புறம், தொடக்கத்தில் சொன்ன ஏஐ மாடல். 700 கோடி எண்கள் கொண்ட ஒரு மொழி மாடல், எண்ணுக்கு 2 பைட் வீதம் 14 ஜிபி. அதைப் பிரித்து ஏற்ற வழி இருக்கிறது. இந்த அளவுள்ள பல மாடல்களில் 32 அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். முதல் 16 அடுக்குகளை ஒரு ஜிபியூவிலும் மீதியை மற்றதிலும் வைக்கலாம், ஆளுக்கு 7 ஜிபி. ஒரு சொல்துண்டை உருவாக்கும்போது பதினாறாவது அடுக்கிலிருந்து கதவைத் தாண்டிப் போக வேண்டியது ஏறக்குறைய 4,096 எண்கள்தான், வெறும் 8 கிலோபைட். கதவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்குத் தாராளம். அதனால் பிரித்து வைக்கத் தெரிந்த மென்பொருளுக்கு 24 என்பது கிட்டத்தட்ட உண்மையாகவே 24 ஆகிவிடுகிறது. ஆனால் வேகம் இரட்டிக்காது. முதல் ஜிபியூ வேலை செய்யும்போது இரண்டாவது சும்மா காத்திருக்கும், பிறகு அது வேலை செய்ய இது காத்திருக்கும். இடம் கூடியது, வேகம் கூடவில்லை. ரெண்டரிங்கில் நடந்ததற்கு நேர் எதிர். அங்கே வேகம் கூடியது, இடம் கூடவில்லை.

பட்டியலின் ஓரத்தில் இருப்பவை

பெரிய எண்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பவைதான் பல நேரம் காலை வாரிவிடும்.

கே80-இல் விசிறி கிடையாது. "பாஸிவ்" என்று ஒரே சொல்லில் போட்டிருப்பார்கள். சர்வர் பெட்டியின் பெரிய விசிறிகள் காற்றைத் தள்ளும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட கார்டு அது. சாதாரண மேசைக் கணினியில் அப்படியே மாட்டினால் சில நிமிடங்களில் சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை இணைக்கும் துளையும் இதில் இல்லை. மின்சார இணைப்பில் இன்னும் கவனம் வேண்டும். கே80 எடுப்பது வழக்கமான கிராபிக்ஸ் கார்டின் 8 முனை இணைப்பை அல்ல, சிபியூவுக்குப் போகும் 8 முனை இணைப்பை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே மின்சாரமும் தரை இணைப்பும் இடம் மாறியிருக்கும். வலுக்கட்டாயமாகச் செருகவே கூடாது.

மென்பொருள் ஆதரவு பட்டியலிலேயே இருக்காது. என்விடியாவின் கணக்கீட்டு மென்பொருளான குடாவின் 12-ஆம் பதிப்பு இந்தத் தலைமுறைச் சிப்களைக் கைவிட்டுவிட்டது. பழைய கார்டைத் தேடுகிறவர்கள் எந்த எண்ணையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

பெயரை நம்புவதும் ஆபத்து. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2016-இல் ரேடியான் ப்ரோ டுவோ என்ற இரட்டைக் கார்டை வெளியிட்டது: சிப்புக்கு 4 ஜிபி, மொத்தம் 16 டெராஃப்ளாப்ஸுக்கு மேல், 350 வாட். மறு ஆண்டே அதே பெயரில் இன்னொன்று வந்தது: சிப்புக்கு 16 ஜிபி, 11.45 டெராஃப்ளாப்ஸ், 250 வாட். புதியதில் கணக்கு வேகம் குறைவு, மெமரி நான்கு மடங்கு. பெரிய காட்சிகளோடு வேலை செய்பவருக்குப் பின்னதே மேல்.

சுவர் கரையும்போது

பிசிஐ எக்ஸ்பிரஸ் கதவு போதாது என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். ஆப்பிளின் 2019 மேக் ப்ரோ கணினிக்காக வந்த ரேடியான் ப்ரோ வேகா II டுவோவில் இரண்டு சிப்களுக்கும் இடையே நொடிக்கு 84 ஜிபி போகும் தனிப்பாதை வைத்தார்கள். மெமரி பேண்ட்விட்த் ஒரு சிப்புக்கு 1,000 ஜிபி. இடைவெளி கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான்.

பிறகு இரண்டு சிப்களையும் பலகையில் தள்ளித் தள்ளி வைக்காமல் ஒரே உறைக்குள் ஒட்டி வைக்கத் தொடங்கினார்கள். 2021-இல் வந்த ஏஎம்டி இன்ஸ்டிங்க்ட் எம்ஐ250எக்ஸ் அப்படிப்பட்டது. மொத்தம் 128 ஜிபி. இரண்டு துண்டுகளுக்கும் இடையே இரு திசையும் சேர்த்து நொடிக்கு 400 ஜிபி போகும், ஆனால் ஒரு துண்டின் மெமரி பேண்ட்விட்த் 1,600. கதவு இன்னும் சிறியதுதான். அதனால் இயங்குதளம் இதையும் இரண்டு ஜிபியூவாகவே பார்க்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலுள்ள ஃபிரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு கணுவிலும், அதாவது அது அடங்கிய தனித்தனிக் கணினி ஒவ்வொன்றிலும், இவை நான்கு இருக்கின்றன. அதில் நிரல் எழுதுபவருக்குத் தெரிவதோ எட்டு ஜிபியூக்கள், ஒவ்வொன்றுக்கும் 64 ஜிபி.

2022-இல் ஆப்பிளின் எம்1 அல்ட்ராவும் இரண்டு சிப்களை ஒட்டிச் செய்யப்பட்டதுதான். அதில் நடுப்பாதை நொடிக்கு 2,500 ஜிபி, மெமரி பேண்ட்விட்த் 800. இங்கே கதவு மேசைப் பாதையைவிட அகலமாகிவிட்டது. மென்பொருளுக்கு அங்கே தெரிவது ஒரே ஜிபியூ. என்விடியா 2024-இல் அறிவித்த பி200-உம் அதே வழிதான்: இரண்டு துண்டுகள், நடுவே நொடிக்கு 10 டெராபைட், மெமரிக்கு 8 டெராபைட். அதைக் கணினியில் மாட்டிப் பட்டியல் கேட்டால் இரண்டு சிப்புக்கும் சேர்த்து ஒரே வரிதான் வரும், அந்த வரியில் இருக்கும் மெமரியை எதனாலும் வகுக்க வேண்டியதில்லை.